தாராவித் தாய்மார்களுக்கு எட்டாத 26 வாரங்கள்

மும்பை: தாராவியை ஒட்டிய சயான் மாநகராட்சி மருத்துவமனையில் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். குறைமாதக் குழந்தைகளுக்குத் தானப்பால் காப்பாயிற்று. ஆனால், வீடு திரும்பிய பின்?

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால்பவுடர் விளம்பரங்களை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2017-இல் பேறுகால விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. கணக்கு ஏறக்குறைய சரிதான். எனினும், பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைகளுக்கும் வீட்டு வேலைக்கும் அவ்விடுப்பு பொருந்தாது. தாராவிப் பெண்களில் பலருக்குப் பிழைப்பே அவைதான். கூலி போனால் அடுப்பு எரியாது. எனவே பால்குடி முன்னதாகவே நிறுத்தப்படுகிறது.

புட்டிப்பாலைக் கரைக்கும் நீரும், சரிவரக் கழுவாத புட்டியும் வயிற்றுப்போக்கைக் கொணர்கின்றன. வேறு பால் தவிர்க்க முடியாத வீடுகளில், கொதிநீரில் எளிதாகக் கழுவக்கூடிய பாலாடையே புட்டியைவிடப் பாதுகாப்பானது.