பண்டிகை நாளில் பஸ் ஓட்டுபவருக்குத் தனிச் சம்பளம் கொடுக்கணுமா?

பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போடும்போது நாம் பார்ப்பது இரண்டே விஷயம்தான். சீட் இருக்கா? விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேருமா? அந்த பஸ்ஸை ஓட்டுபவர் பொங்கலை எங்கே கொண்டாடுவார் என்று யாரும் யோசிப்பதில்லை. அவர்களில் பலருக்கு அது ஏதோ ஓர் ஊர் டெப்போவின் ஓய்வறைதான்.

ஊரே ஒரே நேரத்தில் நகரும் நாட்களில் வேலை பார்க்கும் போக்குவரத்து ஊழியருக்குச் சம்பளத்துக்கு மேல் தனியாக ஒரு தொகை தர வேண்டுமா? கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஒலிம்பிக் நடத்திய லண்டனும் பாரிஸும்கூட இதில் சிக்கித் தவித்திருக்கின்றன.

அதான் தீபாவளிக்கு போனஸ் கொடுக்கறாங்களே?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். தீபாவளி போனஸ் என்பது தீபாவளி அன்று வேலை பார்த்ததற்கான காசு அல்ல, ஆண்டு முழுக்க உழைத்ததற்கானது. குறைந்தபட்சம் 8.33%, அதிகபட்சம் 20% என்று 1965-ம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்தது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த அளவு மாறவில்லை.

2023, 2024 தீபாவளிகளில் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்கு 20% அறிவிக்கப்பட்டது. ஆனால், கணக்குப் போடுவது முழுச் சம்பளத்தில் அல்ல. மாதம் 7,000 ரூபாய் என்ற உச்சவரம்பில்தான். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 16,800 ரூபாய். ஒரு நாளைக்கு 46 ரூபாய் சொச்சம். பண்டிகை அன்று பஸ் ஓட்டியவருக்கும் லீவில் இருந்தவருக்கும் ஒரே கணக்குதான்.

கூடுதல் நேரத்துக்கு ஓவர்டைம் உண்டே?

உண்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே பண்டிகைக் காலத்தைப் பற்றித் தனியாகப் பேசியது. சாதாரண நாட்களில் 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூரத் தடங்களிலும், அறிவிக்கப்பட்ட பண்டிகை நாட்களிலும் இதைத் தாண்டலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் அப்போதும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. கூடுதல் நேரத்துக்கும், ஓய்வு நாளில் பார்த்த வேலைக்கும் இரட்டைச் சம்பளம் என்று வகுத்தது.

தவிர, நம் ஊர் ஓட்டுநர், நடத்துநருக்கு வசூலைப் பொறுத்து பேட்டாவும் உண்டு. ஆனால் பண்டிகை பஸ் போகும்போது நிரம்பி வழியும், திரும்பும்போது காலியாக வரும். ஓவர்டைம் மணிக்கணக்கைப் பார்க்கிறது, பேட்டா டிக்கெட்டைப் பார்க்கிறது. பரனூர் டோல்கேட்டில் நகராமல் நிற்கும் வரிசையையோ, குழந்தையோடு கொண்டாடாமல் போன பொங்கலையோ கணக்கில் எடுக்க இரண்டிலும் இடமில்லை.

லண்டனில் என்ன நடந்தது?

2012 ஒலிம்பிக்கின்போது லண்டனின் ரயில் ஊழியர்களுக்கு வரிசையாக போனஸ் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. டாக்லேண்ட்ஸ் இலகு ரயிலில் 900 பவுண்டு, நெட்வொர்க் ரயிலில் 500 பவுண்டு, சுரங்க ரயில் ஓட்டுநர்களுக்கு 1,000 பவுண்டு வரை. பஸ் ஊழியர்களுக்கு மட்டும் எதுவும் இல்லை.

காரணம் எளிது. லண்டன் பஸ்களை ஒப்பந்த முறையில் தனியார் கம்பெனிகள் ஓட்டுகின்றன. காசை யார் தருவது என்பதிலேயே இழுபறி. போட்டி தொடங்க ஐந்து வாரம் இருந்தபோது, ஜூன் 22 அன்று, 500 பவுண்டு கேட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரம் தழுவிய பஸ் ஸ்ட்ரைக்கை லண்டன் சுமார் 30 ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. பிறகு ஒப்பந்தம் வந்தது. கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே கிடைத்தது.

2024-ல் பாரிஸும் இதே பாதையில்தான் போனது. மே மாதம் புறநகர் ரயில் ஊழியர்கள் ஒரு நாள் ஸ்ட்ரைக் செய்த கையோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒலிம்பிக் காலத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொரு நாளுக்கும் 95 யூரோ, அதிகபட்சம் 1,900 யூரோ. வேலைக்கு வந்த நாளுக்குத்தான் காசு, எல்லாருக்கும் மொத்தமாக அல்ல என்பது கவனிக்க வேண்டிய அம்சம்.

நம்ம ஊரில்?

2018 ஜனவரியில் ஒரு வாரம் அரசு பஸ்கள் முடங்கின. 2024-ல் பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரி 9-ல் மீண்டும் ஸ்ட்ரைக். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அடுத்த நாளே ஒத்திவைக்கப்பட்டது. இரண்டிலும் கோரிக்கை பண்டிகைப் படி அல்ல. சம்பள ஒப்பந்தம், அகவிலைப்படி, ஓய்வூதிய பாக்கி போன்றவைதான். ஆனால் இரண்டும் பொங்கலை ஒட்டி வந்தது தற்செயல் இல்லை. ஆண்டு முழுக்க யாரும் காதில் போட்டுக்கொள்ளாத கோரிக்கை, ஊருக்குப் போகும் வாரத்தில்தான் எல்லாருக்கும் கேட்கிறது.

நர்ஸும் போலீஸும் கேட்டால்?

நியாயமான எதிர்வாதம். பண்டிகை அன்று ஆஸ்பத்திரியும் மின்வாரியமும் இயங்கத்தான் செய்கின்றன. தூய்மைப் பணியாளருக்கு அடுத்த நாள் இரட்டை வேலை. போக்குவரத்துக் கழகங்களோ நஷ்டத்தில் ஓடுகின்றன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பண்டிகை வந்தால் ஆம்னி பஸ் கட்டணம் எகிறும், அரசுச் சிறப்பு பஸ்ஸில் வழக்கமான கட்டணம்தான். அந்த மிச்சம் நம் பாக்கெட்டில் தங்குகிறது. அதை நமக்குத் தருவது அரசின் கொள்கை முடிவு. அதற்கான செலவில் ஒரு பகுதியை ஓட்டுநரும் நடத்துநரும் தங்கள் பண்டிகையால் கட்டுகிறார்கள். எனவே இதை டிக்கெட் வசூலில் தேடாமல் அரசே ஏற்பதுதான் முறை. நர்ஸும் தூய்மைப் பணியாளரும் இதையே கேட்டால், அதுவும் நியாயம்தான். அவர்களுக்கு இல்லை என்பதால் இவர்களுக்கும் கூடாது என்று வாதிட முடியாது.

எப்படிக் கொடுக்கலாம்?

• பாரிஸ் மாதிரி, வேலைக்கு வந்த பண்டிகை நாளுக்கு மட்டும் தனித் தொகை.

• நிரந்தர ஊழியர், ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஊழியர் என்ற பாகுபாடு கூடாது. லண்டனில் பிரச்சினை வெடித்தது ரயில் ஊழியருக்கு உண்டு, பஸ் ஊழியருக்கு இல்லை என்ற பாகுபாட்டில்தான்.

• சிறப்பு பஸ்களின் எண்ணிக்கையை அறிவிக்கும் அன்றே இந்தத் தொகையையும் அறிவிக்க வேண்டும். கடைசி வாரம் வரை இழுத்தால் நடுவில் மாட்டுவது பயணிதான்.

• எவ்வளவு கொடுத்தாலும் ஓய்வு நேரத்தில் கை வைக்கக் கூடாது. 10 மணி நேர வரம்பு ஓட்டுநருக்கு மட்டுமான சலுகை இல்லை. பின்னால் தூங்கிக்கொண்டு வரும் 40 பேரின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

நான்கில் எதையாவது ஒன்றைத்தான் உடனே செய்ய முடியும் என்றால், கடைசியில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். காசு அடுத்த மாதச் சம்பளத்தோடு வந்தாலும் பரவாயில்லை. தூக்கம் அன்றைக்கே வேண்டும்.