திறப்பு வராத வீடுகள்

நுரைச்சோலை என்று சொன்னால் பலருக்குப் புத்தளம் மாவட்டத்து அனல் மின்நிலையம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது எங்கள் அம்பாறை மாவட்டத்து நுரைச்சோலை. அக்கரைப்பற்றிலிருந்து அம்பாறைப் பக்கமாகப் போகும்போது, வயல்வெளிகளுக்கு அப்பால் வரிசை வரிசையாக ஒரே மாதிரியான வீடுகள் தெரியும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில்தான் முதன்முதலாக அவற்றைப் பஸ்ஸின் ஜன்னலால் பார்த்தேன். விளக்கு இல்லை, அடுப்புப் புகை இல்லை, கொடியில் காயும் ஒரு துணிகூட இல்லை. ஓர் ஊர் முழுக்க ஆளில்லாமல் இருக்குமா என்று அன்று திகைத்தேன்.

2018ஆம் ஆண்டு அந்த ஊருக்குள் நடந்து போகும் வாய்ப்பு வந்தது. களப்பணியில் நான் அடிக்கடி சந்திக்கும் ஒரு சாச்சிதான் என்னைக் கூட்டிப் போனார். 1990ஆம் ஆண்டுக் கலவரத்தில் வீட்டைவிட்டுப் போன அவரது கணவர் இன்றுவரை திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் கல்லுக்கல்லாகச் சேர்த்துக் கடற்கரையோரம் ஒரு வீடு கட்டினார். மூத்த மகளுக்கு எழுதிக் கொடுக்க இருந்த வீடு அது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் அந்த வீடு அத்திவாரத்தோடு போனது.

ஐந்நூறு வீடுகளின் கதை

சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பிறகு வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டாலும், கரையை ஒட்டி இருந்தவர்களுக்கு மாற்றுக்காணி தேடவேண்டி வந்தது. எங்கள் ஊர்களில் காணி எங்கே இருக்கிறது? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு ஒடுங்கிய நிலம். அதற்குள்தான் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் வேலியோடு வேலி உரசிக்கொண்டு கிடக்கின்றன. வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினார்கள். சாய்ந்தமருதில் வெனிசுவேலா நாட்டின் உதவியோடு எழுந்த பொலிவேரியன் கிராமமும், கல்முனையின் கிறீன்பீல்ட் மாடி வீடுகளும் அப்படி வந்தவைதான்.

நுரைச்சோலைத் திட்டம் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. சவூதி அரேபிய அரசின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வீடுகளோடு பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை, பஸ் தரிப்பிடம் என்று ஒரு நகரத்துக்கு வேண்டியவை அனைத்தும் ஒரே இடத்தில் திட்டமிடப்பட்டன. அன்று வீடமைப்பு அமைச்சராக இருந்த பேரியல் அஷ்ரஃப் இதை முன்னெடுத்தார். வீடுகள் கையளிக்கப்பட இருந்த வேளையில், இது தீகவாபி புனித பூமிக்கு அண்மையில் இருக்கிறது, ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது என்று ஆட்சேபித்து ஜாதிக ஹெல உறுமயவைச் சேர்ந்த பிக்குமார் உட்பட சிலர் வழக்குத் தொடர்ந்தனர். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் ஒதுக்கிய முறை செல்லாது என்ற கருத்தில் 2009ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த வீடுகள் வெறுமையாகவே கிடந்தன.

நாங்கள் போனபோது பற்றைகள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தன. பல வீடுகளில் கதவு நிலைகளையும் ஜன்னல்களையும் காணவில்லை. ஒரு வீட்டின் குசினிக்குள் மரமொன்று முளைத்திருந்தது. சாச்சி அதன் வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

"மகள், இந்த வீட்டத்தான் எனக்கெண்டு நெனச்சி வெச்சிருந்தன். சவூதிக் காசில ஒரு வீடு கட்டினன், அதக் கடல் கொண்டு போச்சு. சவூதிக் காசில இன்னொரு வீடு வந்திச்சு, அதக் கோடு கொண்டு போச்சு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

கேட்கப்படாத பெண்கள்

அந்த வழக்கில் யாருக்கு நியாயம், யாருக்கு அநியாயம் என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுனாமி இனம் பார்த்து வரவில்லை. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தமிழ்ப் பெண்கள் வீடிழந்தார்கள். காணியில்லாத சிங்களப் பெண்களும் இதே மாவட்டத்தில்தான் வாழ்கிறார்கள். எல்லோரையும் ஒரு மேசையில் இருத்தி, ஐந்நூறு வீட்டையும் எப்படிப் பகிர்வோம் என்று பேசியிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். அரசியல்வாதிகள் பேசினார்கள், மதத் தலைவர்கள் பேசினார்கள், சட்டத்தரணிகள் பேசினார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தகரக் கொட்டிலில் வெந்தவர்களின் குரல் எங்கும் கேட்கவில்லை.

அண்மையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் செனகல் நாட்டின் ஜாம்னியாஜோ என்ற புதிய நகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அதுவும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. தலைநகர் டக்கார் கடலுக்குள் நீண்ட ஒரு முனையில் நெருக்கியடித்துக் கிடப்பதால், சுமார் 30 கிலோமீற்றர் தள்ளி ஒரு நகரத்தை அமைக்கத் தொடங்கினார்கள். 2014இல் மாநாட்டு மண்டபம் திறந்தார்கள். 2021இன் கடைசியில் டக்காரிலிருந்து அங்கே ரயில் ஓடியது. 2022இல் பெரிய விளையாட்டரங்கும் வந்தது. ஆனால் கட்டடங்கள் எழுந்த வேகத்தில் குடும்பங்கள் போய்ச் சேரவில்லை என்பதும், அங்குள்ள வீடுகள் சாதாரண மக்களுக்கு எட்டாத விலை என்பதும் அந்த நகரத்தைப் பற்றிச் சொல்லப்படும் குறைகள். எந்த நாடானாலும், நகரத்தை வரைபவர்கள் வீதியையும் சுவரையும் முதலில் வரைகிறார்கள். சந்தையில் மீன் விற்கும் பெண் எங்கே படுப்பாள், எப்படி வேலைக்குப் போவாள் என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது. மருதமுனையில் நெசவு செய்யும் பெண்ணுக்குத் தறி போட இடம் வேண்டும். மாடி வீட்டில் தறியை எங்கே வைப்பது? கருவாடு காயவைப்பவளுக்கு மணல் வேண்டும். கோழி வளர்ப்பவளுக்கு ஒரு துண்டு வளவு வேண்டும். நுரைச்சோலை வீடுகள் கிடைத்திருந்தாலும், கடல் தொழிலை நம்பிய குடும்பங்கள் அங்கிருந்து எப்படிப் பிழைத்திருக்கும் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

யாருடைய பெயரில்?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டுக்கு வருவான். இந்த வழக்கம் சீதனச் சுமையாகிப் பெற்றோரை வாட்டுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. சாச்சியைப் போன்றோரைப் பாலைவனத்துக்கு அனுப்பியதும் அதுதான். ஆனாலும் கணவன் கைவிட்டால், காணாமல் போனால், நிற்க ஒரு கூரையைப் பெண்ணுக்குத் தந்ததும் அதே வழக்கம்தான்.

எங்கள் பழைய வீட்டின் உறுதி உம்மாவின் பெயரில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு மாடி வீடொன்று கிடைத்தபோது எனக்குப் பதினைந்து வயது. அலுவலகத்தில் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார்கள். வாப்பா உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். உம்மா தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து வீடு வாப்பாவின் பெயரில். வாப்பா நல்லவர், அதனால் எங்களுக்குக் கஷ்டம் வரவில்லை. நல்ல வாப்பா கிடைக்காத, நல்ல கணவன் கிடைக்காத பெண்களை நான் இப்போது தினமும் சந்திக்கிறேன். தன் தாய் கட்டிய வீட்டை இழந்து, அதற்கு ஈடாக வந்த வீட்டிலிருந்து கணவனால் வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

சட்டம் மெதுவாக அசைகிறது. அரச காணி அனுமதிப்பத்திரங்களுக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரித்தில் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்திருந்தது. பெண்கள் அமைப்புகள் பல வருடங்களாகக் குரல் கொடுத்தன. 2022ஆம் ஆண்டில்தான் அது திருத்தப்பட்டது.

ஆகவே சகோதரிகளே, வீடோ காணியோ தருவதாக யார் வந்தாலும் சில விடயங்களை வாய்விட்டுக் கேளுங்கள். பத்திரம் யாருடைய பெயரில்? என் பெயரையும் சேர்ப்பீர்களா? இது அனுமதிப்பத்திரமா, அளிப்பா, உறுதியா? கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதென்றால் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வெட்கப்படவேண்டாம். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்கவும் வேண்டாம்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சாச்சி தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய திறப்பை எடுத்துக் காட்டினார். கடல் கொண்டுபோன வீட்டின் முன்கதவுத் திறப்பு. துருப்பிடித்திருந்தது.

"எறிய மனம் வரல்ல மகள். நான் உழைச்சுக் கட்டின வீட்டுக்கு ஒரு சாட்சி வேணுமே" என்றார்.

அவர் இப்போது இளைய மகளோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். கூட்டம் வைத்தால் முதல் ஆளாக வருவார். யாருக்காவது பத்திரம் எழுதும் பேச்சு வந்தால், "புள்ள, ஆர்ட பேருல?" என்று அவர்தான் முதலில் கேட்பார்.