மண்ணில் மலர்ந்த ஓவியம்

மட்கலத் தொழிலை உயர்ந்த கலையாக வளர்த்த நாடுகளுள் சீனம் தலையாயது. அந்நாட்டு மன்னர் தம் அரண்மனைக்கெனச் சூளைகள் அமைத்து அரிய கலங்களைச் செய்வித்தனர். அறிஞர் பலர் அவற்றையே புகழ்ந்து எழுதினர். எளிய மக்களின் இல்லங்களுக்குக் கலம் வனைந்த குயவரின் திறமும் அதற்குக் குறைந்ததன்று. சிச்சோ கலங்களே அதற்குச் சான்றாகும்.

சிச்சோ என்பது வடசீனத்தில், இன்றைய ஹெபெய் மாநிலத்தில் உள்ள ஒரு பகுதியின் பழம்பெயர். 960ஆம் ஆண்டில் தொடங்கிய சாங் மரபினர் ஆட்சியில் அங்குச் சூளைகள் பெருகின. எரிப்பதற்கு நிலக்கரி அருகிலேயே கிடைத்தது. ஆனால், அங்குள்ள மண்ணோ பருமையானது. சாம்பல் நிறம் உடையது. அதனைக் கண்டு குயவர் சோர்ந்திலர். அக்குறையையே கலைக்கு வாயிலாக்கினர்.

அவர்கள் வனைந்தவற்றுள் மெய்பிங் என்னும் சாடி எழில் மிக்கது. அதன் வாய் சிறியது, தோள் அகன்றது, அடி ஒடுங்கியது. மதுவைச் சேமிக்கப் பயன்பட்ட அது, பிற்காலத்தில் பூங்கொம்பு செருகும் சாடியாயிற்று. 'பிளம் மலர்ச் சாடி' என்பதே அப்பெயரின் பொருள்.

சக்கரத்தில் வனைந்த சாடிக்கு முதலில் வெண்களிமண் குழம்பைப் பூசுவர். அதன்மேல், இரும்புக் கலப்புள்ள கல்லை அரைத்த மையால் மலரும் கொடியும் தீட்டுவர். வெண்பூச்சு மையை உடனே உறிஞ்சிவிடும். ஆதலின், பிழைத்த கோட்டைத் திருத்துதல் அரிது. நெடுநாட் பயிற்சி பெற்ற கையே தயங்காது ஓடும். வேறொரு முறையும் உண்டு. மலரைச் சூழ்ந்த வெண்பூச்சைக் கூரிய கருவியால் சுரண்டி நீக்குவர். அப்பொழுது, மறைக்கப்பட்ட சாம்பல் நிற மண்ணே வெளிப்பட்டு வெண்மலரை எடுத்துக்காட்டும். இறுதியில், ஒளி ஊடுருவும் மெருகைப் பூசிச் சூளையில் சுடுவர்.

1108ஆம் ஆண்டில் மஞ்சளாறு பெருக்கெடுத்து, சூலூ என்னும் ஊரை வண்டலில் புதைத்தது. எண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்விடத்தைத் தோண்டியோர் மக்கள் வழங்கிய சிச்சோ கலங்கள் பலவற்றைக் கண்டெடுத்தனர். ஏடுகள் போற்றாதவற்றை மண் காத்து வைத்திருந்தது! இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் சிச்சோ கலங்களைப் பேணுகின்றன. 2006ஆம் ஆண்டில் சீன அரசு இத்தொழில்நுட்பத்தைத் தன் நாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

அவற்றைச் செய்தோருள் மிகப் பலரின் பெயரை நாம் அறியோம். ஆயினும், தயங்காது ஓடிய அவர்தம் கையின் கோடுகள் இன்றும் அழியாது விளங்குகின்றன.