விதையினால் வராத புதினா



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு புத்தாண்டு ஆராதனையின் முடிவில், எங்கள் சபையிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு சிறிய விதைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அதன்மேல் 'பெப்பர்மின்ட்' என்று அச்சிடப்பட்டிருந்தது. விதைக்கிறவனுடைய உவமையை நான் பிரசங்கித்த நாள் அது. கிராமத்திலும் எஸ்டேட்டிலும் மண்ணோடு வாழ்ந்துவிட்டு, பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் பட்டணத்தின் வாடகை வீடுகளுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களே எங்கள் சபையில் அதிகம். மாடிப்படி ஓரத்திலாவது அவர்களுக்கென்று ஒரு செடி வளரட்டும் என்பதே என் எண்ணம்.

மூன்று மாதங்கள் சென்றன. பாதி வீடுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. முளைத்த வீடுகளிலோ ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வொரு விதமான செடி நின்றது. ஒன்றின் இலை சொரசொரப்பாயிருந்தது. ஒன்றில் வாசனையே இல்லை. ஒன்று துவையலுக்கு வாங்கும் புதினாவைப் போலிருந்தது. வாயில் போட்டதும் குளிர்ச்சி தரும் பெப்பர்மின்ட் மட்டும் ஒரு வீட்டிலும் இல்லை.

கணவரை இழந்த ஒரு சகோதரி ஆராதனைக்குப் பின் தனியாக வந்து, "ஐயா, என் கையால் நட்டது எதுவும் துளிர்ப்பதில்லை. எனக்கு விசுவாசம் குறைவோ?" என்று கேட்டார். மகளுடைய வேலைக்காக ஜெபித்துக்கொண்டிருந்த அவர், இந்த விதை முளைத்தால் அந்தக் காரியமும் வாய்க்கும் என்று மனதிற்குள் ஓர் அடையாளம் வைத்திருந்தாராம். நான், "பொறுமையாயிருங்கள் அம்மா, இன்னும் சில நாள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எவ்வளவு தவறானது என்பதைப் பொன்முடியில்தான் அறிந்துகொண்டேன்.

பொன்முடியில் கேட்ட கேள்வி

அந்த ஆண்டு கோடை விடுமுறையில் வாலிபர்களை அழைத்துக்கொண்டு பொன்முடிக்குச் சென்றோம். பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விதுராவைக் கடந்து, கல்லாற்றைத் தாண்டினால், 22 கொண்டையூசி வளைவுகள். உச்சி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். கீழே வியர்வையில் நனைந்த சட்டை, மேலே மூடுபனியில் நனைகிறது. வழியெல்லாம் தேயிலைத் தோட்டங்கள்.

எங்கள் விசுவாசி ஒருவருடைய தாயார் அங்கே ஒரு லயத்து வீட்டில் இருந்தார். தேநீர் கொடுத்து உபசரித்தார். வீட்டின் பின்புறம் தண்ணீர்க் குழாயின் கசிவிலே புதினா ஒரு பாயைப் போலப் படர்ந்து கிடந்தது. என் விதைப் பொட்டலத்தின் கதையைச் சொன்னேன். அந்தப் பாட்டி சிரித்துவிட்டு, "போதகர் ஐயா, புதினாவுக்கு யாராவது விதை போடுவார்களா? தண்டை ஒடித்துக் குத்தினால் போதுமே!" என்றார்.

அவர் பல ஆண்டுகள் தேயிலை நாற்றங்காலில் வேலை செய்தவர். "விதை போட்டால் தேயிலையே ஒன்றைப்போல ஒன்று வராது ஐயா. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டிப் பைக்குள் வைப்போம். அப்போதுதான் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும்" என்று விளக்கினார். வால்பாறையிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட தேயிலை வகைகள் பல இப்படித் தண்டு வெட்டியே தோட்டங்களுக்குச் சென்றவை. ஏட்டில் நான் படிக்காததை, அந்தத் தாயார் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்.

கோவேறு கழுதையைப் போன்ற செடி

ஊர் திரும்பியபின் இதைக்குறித்துத் தேடிப் படித்தேன். பெப்பர்மின்ட் என்பது தனியொரு இனமல்ல. நீர்ப்புதினா என்ற செடியும், ஸ்பியர்மின்ட் என்ற செடியும் கலந்து உண்டான கலப்பினம். 1696-ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் இங்கிலாந்து தாவர அறிஞர், அந்நாட்டின் ஹெர்ட்போர்டுஷயர் பகுதியில் கிடைத்த இச்செடியைப் பதிவு செய்தார். 1753-இல் லின்னேயஸ் இதைத் தனி இனமென்றே எண்ணிப் பெயரிட்டார். கலப்பினம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

வேதாகமத்தில் கோவேறு கழுதையைப்பற்றி வாசித்திருக்கிறீர்கள். குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறக்கும் அது பலமுள்ளது, உழைப்புக்கு உகந்தது. ஆனால் பொதுவாக அதற்குக் குட்டி பிறப்பதில்லை. பெப்பர்மின்ட் செடிகளுக்குள் ஒரு கோவேறு கழுதை. நீர்ப்புதினாவின் உயிரணுவில் 96 குரோமோசோம்கள், ஸ்பியர்மின்டில் 48. இரண்டிலிருந்தும் பாதி பாதியாக, 48-உம் 24-உம் சேர்ந்து, பெப்பர்மின்டில் 72 உள்ளன. வேறுவேறு இனத்திலிருந்து வந்த இவை மகரந்தமும் சூலும் உண்டாகும்போது சரிவர ஜோடி சேருவதில்லை. ஆகையால் பூ பூக்கும், தேனீ வரும். முளைக்கத்தக்க விதை மட்டும் மிக அரிது. அரிதாய் ஒரு விதை முளைத்தாலும், அது தாய்ச்செடியைப் போல இராது.

அப்படியானால் பொட்டலத்தில் இருந்தது என்ன? பெப்பர்மின்ட் என்ற பெயரில் விற்கப்படும் விதை பெரும்பாலும் ஸ்பியர்மின்டோ, பலவகைப் புதினாக்களின் கலவையோதான். எங்கள் சபையார் ஒருவரும் தவறு செய்யவில்லை. அவர்களுடைய கையிலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை, விசுவாசத்திலும் குறையில்லை. விசாரிக்காமல் வாங்கிக் கொடுத்த என்னிடத்திலேயே குறை இருந்தது.

விதையில்லாத இச்செடி உலகமெங்கும் பரவியது எப்படி? கைக்குக் கை கொடுக்கப்பட்ட தண்டுகளினால்தான். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனுக்கு அருகிலுள்ள மிச்சம் என்ற ஊர் இதன் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து சென்ற தண்டுகளின் சந்ததி இன்றும் அமெரிக்காவில் பயிராகிறது. அங்கே வாடல் நோய் வயல்களைத் தாக்கியபோது, விதைவழியாக நோய் தாங்கும் வகையை உண்டாக்க இயலவில்லை. எனவே விஞ்ஞானிகள் செடிகளின்மேல் கதிர்வீச்சைச் செலுத்தி, அவற்றில் நோய் தாங்கி நின்றதைத் தெரிந்தெடுத்து, 1970-களின் தொடக்கத்தில் 'டாட்ஸ் மிச்சம்' என்ற வகையை வெளியிட்டார்கள்.

நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்தில் பெருமளவில் பயிராவது ஜப்பான் புதினா. தலைவலித் தைலத்திலும் இருமல் மிட்டாயிலும் சேரும் மென்தால் பெரும்பாலும் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த விவசாயிகளும் வேர்த்தண்டுகளையே நடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் வளர்க்கும் முறை

முதலாவது, செடியைத் தெரிந்தெடுங்கள். நாற்றுப் பண்ணையில் விதை கேட்காமல், வேர்விட்ட செடியைக் கேளுங்கள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, சிறிது மென்று பாருங்கள். நாவில் குளிர்ச்சி பரவவேண்டும். உண்மையான பெப்பர்மின்டின் இலைக்குச் சிறு காம்பு உண்டு; தண்டு பெரும்பாலும் செம்மை கலந்திருக்கும். ஸ்பியர்மின்டின் இலையோ காம்பில்லாமல் தண்டோடு ஒட்டினாற்போலிருக்கும். ஜப்பான் புதினாவும் குளிர்ச்சி தரும் என்பதால், விற்பவரிடம் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டாவது, தண்டை வெட்டுங்கள். பூக்காத இளந்தண்டில் நான்கு அல்லது ஐந்து அங்குல நீளத்திற்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டவேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நான்கைந்து இலைகளை மட்டும் விடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்து, வெயில்படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். 7 முதல் 14 நாட்களில் வெள்ளை வேர் தோன்றும்.

மூன்றாவது, தொட்டி. புதினா ஆழத்தில் செல்வதைவிடப் பக்கவாட்டில் படரும் செடி. எனவே ஆழத்தைவிட அகலம் முக்கியம். பழைய பிளாஸ்டிக் பேசினே போதும். அடியில் துளை மட்டும் கட்டாயம் வேண்டும். தோட்டமண், மக்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சமமாகக் கலந்து நிரப்புங்கள். வெவ்வேறு புதினாக்களை ஒரே தொட்டியில் நடாதீர்கள். வலியது எளியதை நெருக்கிவிடும்.

நான்காவது, வெயிலும் தண்ணீரும். பொன்முடியின் குளிர் நம்முடைய மொட்டைமாடியில் இல்லை. காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும். நண்பகலுக்குப்பின் நிழல் வேண்டும். மண் ஈரமாயிருக்கவேண்டும், சேறாயிருக்கலாகாது. பகல் நீண்ட குளிர்நாடுகளில் வருமளவு எண்ணெயும் வாசனையும் நம் சமவெளியில் வராது. ஆனாலும் வீட்டுத் தேநீருக்குக் குறைவிராது.

ஐந்தாவது, அறுவடை. நுனிகளை அடிக்கடி கிள்ளுங்கள். கிள்ளக் கிள்ளத் தழைக்கும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் கண்டால் அது துரு நோய். அத்தண்டுகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஆண்டுக்கொருமுறை இளம் வேர்த்தண்டுகளை எடுத்துப் புதுமண்ணில் நடுங்கள்.

பெப்பர்மின்ட் கிடைக்காதவர்கள் வருத்தப்படவேண்டாம். கடையில் வாங்கும் புதினாக் கட்டில் இலைகளைச் சமையலுக்குக் கிள்ளியபின் மீதியாகும் தண்டுகளும் இதே முறையில் வேர்விடும்.

ஓர் எச்சரிப்பு

இந்தக் குளிர்ச்சி உண்மையான குளிரல்ல. நம் நரம்புகளில் குளிரை உணரும் வாயில் ஒன்றை மென்தால் திறந்துவிடுகிறது. 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். உணர்வு நரம்புகளைக்குறித்த ஆராய்ச்சிகளுக்காக இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே மென்தால் சளியைக் கரைப்பதில்லை. மூக்கு திறந்ததுபோன்ற உணர்வையே தருகிறது. பச்சிளங்குழந்தைகளின் மூக்கிலோ முகத்திலோ பெப்பர்மின்ட் தைலத்தைத் தடவவே கூடாது; மூச்சுத்திணறல் உண்டாகலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பெப்பர்மின்ட் அதை அதிகப்படுத்தக்கூடும்.

நம் வேதாகமத்தில் புதினா

மத்தேயு 23:23-இல் 'ஒற்தலாம்' என்று நாம் வாசிப்பது புதினாவைத்தான். போர்த்துக்கீசிய மொழியில் புதினாவுக்கு வழங்கும் பெயரே அப்படித் தமிழாயிற்று. பரிசேயர் அந்தச் சிறு கீரையிலும் கணக்குப் பார்த்தார்கள், இரக்கத்தையோ விட்டுவிட்டார்கள் என்பதே அங்கே ஆண்டவருடைய கடிந்துகொள்ளுதல். அந்த வசனம் அன்று எனக்கே பொருந்தியது. விதையைக் கணக்கிட்டுக் கொடுத்த நான், கலங்கி வந்த சகோதரியிடம் நின்று விசாரிக்கவில்லை.

பொன்முடிப் பாட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த தண்டுகளோடு அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்றேன். "அம்மா, விதைதான் பொய், உங்கள் விசுவாசம் அல்ல. ஆண்டவர் உங்களுக்கு அப்படியொரு அடையாளம் வைக்கவில்லை. தவறு என்னுடையது, மன்னியுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். பத்தாம் நாள் வேர் வந்தது. மகளுக்கு வேலை கிடைக்க மேலும் ஓர் ஆண்டு சென்றது. இடையில் அவர் ஜெபத்தை விடவுமில்லை, செடியைப் பார்த்துக் கர்த்தரின் சித்தத்தைக் கணிக்கவுமில்லை. இன்று எங்கள் சபையில் பல வீடுகளில் இருக்கும் புதினா அவர் ஒடித்துக் கொடுத்ததுதான்.

அன்பானவர்களே, உங்கள் தொட்டியில் ஒன்று முளைக்காதபோது உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதேயுங்கள். முதலில் விதையை விசாரியுங்கள். உங்களிடம் ஒரு செடி தழைத்திருந்தால், ஒரு தண்டை ஒடித்து அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். அந்தச் செடி வாழும் வழியே அதுதான்.