ரீஃபண்டு வந்தாச்சு... தொழில் வரி கட்டியாச்சா? தம்மம்பட்டி பட்டறைக் கணக்கு!

சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் உளிச் சத்தம் கேட்கும் தெருக்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் வாகனம், கதவு, சாமி சிலை என மரத்தில் இழைத்துக் கொடுக்கும் ஊர். அப்படி ஒரு பட்டறைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் கோயில் அறக்கட்டளை ஒன்று மரத்தைக் கொடுத்து வாகனம் செய்யச் சொல்கிறது. கூலி 4 லட்சம் ரூபாய். கையில் வருவது 3 லட்சத்து 96 ஆயிரம். மீதி 4,000 ரூபாய், அதாவது ஒரு சதவீதம், டி.டி.எஸ். பிடித்தம்.

செலவெல்லாம் போக அவருடைய வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை என்றால், கணக்குத் தாக்கல் செய்து அந்த 4,000 ரூபாயைத் திரும்ப வாங்கிவிடலாம். தாக்கல் செய்யாமல் விட்டால் பணம் தானாக வராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சரி, வங்கியில் பணம் ஏறிவிட்டது. 'வரிக் கணக்கு முடிந்தது' என்று நினைத்தால், பேரூராட்சியிலிருந்து தொழில் வரிக் கேட்பு வந்து நிற்கும். "கவர்ன்மென்ட்டே பணம் திருப்பிக் கொடுத்திருக்கு, இப்ப எதுக்குக் கேக்கறாங்க?" என்று கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கொடுத்தது மத்திய அரசின் வருமான வரித்துறை. கேட்பது உள்ளூர் பேரூராட்சி. ஒருவர் கணக்கு மற்றவருக்குப் போகாது.

தொழில் வரிக்கு அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றிருந்த உச்சவரம்பு, 1988இல் 2,500 ரூபாய் ஆனது. இன்றும் அதேதான். தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. எனவே ஒரு தவணை 1,250 ரூபாயைத் தாண்டாது. ஆசிரியர், வங்கி ஊழியர் போன்றவர்களுக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். பட்டறைக்காரர், கடைக்காரர்தான் தாங்களாகவே கட்ட வேண்டும். மறப்பதும் அவர்கள்தான்!

நம் பட்டறைக்காரருக்கு உச்ச அளவே விழுந்தால் வந்த 4,000 ரூபாயில் 2,500 தொழில் வரிக்குப் போய்விடும். வந்ததும் செலவழித்துவிட்டால் கைக்காசுதான் போகும்.

ரீஃபண்டிலிருந்து எதுவுமே கழிக்க மாட்டார்களா? கழிப்பார்கள், ஆனால் பழைய வருமான வரி பாக்கியை மட்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245ஆவது பிரிவு அதற்கு வழி செய்தது. முதலில் தகவல் வரும். அந்தப் பாக்கி தவறு என்றால் மறுத்துப் பதில் போடலாம். அந்த மின்னஞ்சலைப் படிக்காமல் விடுபவர்கள்தான் பிறகு 'பணம் குறைஞ்சிருக்கே' என்று ஆடிட்டரிடம் ஓடுகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கதை வேறு. அங்கே மாநில வருமான வரி பாக்கி இருந்தால், மத்திய அரசு தர வேண்டிய ரீஃபண்டிலிருந்தே பிடித்து மாநிலத்துக்குக் கொடுக்க ஏற்பாடு உண்டு. இங்கே தொழில் வரிக்கு அப்படி எதுவும் இல்லை. நாம்தான் தனியாகக் கட்ட வேண்டும்.

பேரூராட்சி அலுவலகத்திலோ, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையதளத்திலோ கட்டலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்படியே சொத்து வரியையும் பார்த்துவிடுங்கள். அதுவும் அரையாண்டு வரிதான். ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும்.