குடத்துக்குள் கை வைத்தது யார்?

“இதெல்லாம் தானா நடக்குமா சார்? யாரோ திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கணும்.” ஏலச்சீட்டுக் குலுக்கல் முதல் உயிர்கள் தோன்றியது வரை, டீக்கடைப் பேச்சில் இந்தச் சந்தேகம் வந்துகொண்டேதான் இருக்கும். இதற்கான பாடம் உத்திரமேரூரிலேயே இருக்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், இந்த ஊர்ச் சபையார் செய்த தேர்தல் ஏற்பாடு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டாக நிற்கிறது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்திருந்தது; குடும்புக்கு ஒருவர். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். நம்பிமாரில், அதாவது கோயில் அர்ச்சகர்களில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலைக்கட்டை எடுக்க, அதிலுள்ள ஓலைகளை வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவன் எடுத்துத் தரும் ஒற்றை ஓலையை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிப்பான்.

குடும்புக்குப் பத்துப் பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வரக்கூடிய 30 பேர் பட்டியல்களின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின்னால் 30 சுழி. எந்தப் பட்டியல் வந்தாலும் அது வருவதற்கான வாய்ப்பு அத்தனையில் ஒன்றுதான். ஆனாலும் ஏதோ ஒன்று வந்தே தீரும். ஆகவே, அரிதாக இருப்பது மட்டுமே சதிக்குச் சாட்சி ஆகாது.

குடும்புக்கு ஒருவராக ஊர்க் கணக்கரின் சொந்தக்காரர்கள் இருந்து, முப்பது இடத்துக்கும் அவர்களே வந்தால்? வாய்ப்பு அதேதான், ஆனால் ஊர் சும்மா இருக்காது. காரணம், குலுக்குவதற்கு முன்பே சொல்லிவிடக்கூடிய பட்டியல் இது. யாராவது தில்லுமுல்லு செய்திருந்தால் வருவதும் இதுவாகத்தான் இருக்கும். எனவே ‘எவ்வளவு அரிது’ என்று மட்டும் பார்க்காமல், ‘எந்த விளக்கத்தின்படி இது எதிர்பார்க்கக்கூடியது’ என்று ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இது வழக்காகவே வந்தது. எசெக்ஸ் கவுண்டி அதிகாரி நிக்கோலஸ் கபுட்டோ, வாக்குச்சீட்டில் எந்தக் கட்சி முதலில் என்று குலுக்கி எடுத்துவந்தவர். 41 முறையில் 40 முறை அவருடைய ஜனநாயகக் கட்சிக்கே முதலிடம். சுண்டிய காசில் இப்படி விழ, ஏறக்குறைய 5,000 கோடியில் ஒரு வாய்ப்பு. 1985இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அவர் குற்றம் செய்தார் என்று தீர்ப்பளிக்கவில்லை. குலுக்கும் முறையைச் சீராக்கச் சொன்னது.

தற்செயல் இல்லை என்றானாலும் சதி என்று ஆகிவிடாது. 921ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி உத்திரமேரூர்ப் பட்டியலில் 35 வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். அது விதி, எவருடைய கைவரிசையும் இல்லை. 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்கா பிறந்தநாள்களைக் குலுக்கி வரிசை எண் தந்தது. டிசம்பரின் 31 நாள்களில் 26, போருக்கு அழைக்கப்பட்ட முதல் 195 எண்களுக்குள் விழுந்தன. பிறந்தநாள் சீட்டுகள் இருந்த குப்பிகளை மாதவாரியாகக் கொட்டிவிட்டுச் சரியாகக் கலக்காததே அதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. டிசம்பர்க்காரர்கள் மேல் யாருக்கும் பகை இல்லை.

உயிர்கள் தோன்றியதைப் பற்றிய பேச்சிலும் இதே இடத்தில்தான் வழுக்குகிறது. கண் போன்ற ஓர் உறுப்பு ஒரே குலுக்கலில் வந்திருக்காது. அதை டார்வின் வழி வந்தவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். மாறுதல்கள் தற்செயலாக வரலாம், ஆனால் அவற்றில் எது நிலைக்கும் என்பது தற்செயல் அல்ல. பிழைக்க உதவியது தங்கி, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகிறது. ‘தானாக வர வாய்ப்பில்லை’ என்று கணக்குப் போடுகிறவர் இந்த வழியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘படைத்தவர் ஒருவர்’ என்பவர், அவர் படைத்திருந்தால் எது இருக்கும், எது இருக்காது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எது வந்தாலும் பொருந்துகிற விளக்கத்தால் எதையும் பிரித்தறிய முடியாது.