பிஸ்டல் யார் கைக்கு, பில் யார் பேருக்கு?

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு பெண் பிஸ்டல் சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி “போலீஸ் பிடிக்காதா?” என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது, “எவ்வளவு செலவாகும்?” இரண்டும் நியாயமான கேள்விகள். தெருவில் கிடைக்கும் பதில்கள்தான் சரியாக இருப்பதில்லை. லைசென்ஸ் இல்லாமல் தொடவே கூடாது என்பார் ஒருவர். ஏர் கன்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்பார் இன்னொருவர்.

பெண்களுக்கான ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகள் இரண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெடிமருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறது. 25 மீட்டர் பிஸ்டலில் பாயின்ட் 22 தோட்டா. பார்ப்பவர்களுக்கு இரண்டும் துப்பாக்கி, சட்டத்துக்கு இரண்டும் வேறு. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரையும், பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். போட்டிக்குரிய ஏர் பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூல் அளவை ஒட்டியே இருக்கும். பாயின்ட் 22 பிஸ்டலுக்கு உரிமம் கட்டாயம். 21 வயது நிறையாதவருக்கு அது பொதுவாகக் கிடைக்காது, கண்காணிப்பில் பயிற்சி எடுக்கலாம். ஆக, புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் பிஸ்டல் எது என்பதில் குழப்பமே வேண்டாம். ஏர் பிஸ்டல்தான். 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வென்றதும், 2021 டெல்லி உலகக் கோப்பையிலும் 2022 கெய்ரோ உலகக் கோப்பையிலும் தமிழ்நாட்டின் ஸ்ரீ நிவேதா பரமானந்தம் அணித் தங்கத்தில் பங்கு பெற்றதும் இந்தப் போட்டியில்தான்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் முதல் பதில், உடனே வாங்காதீர்கள் என்பது. எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது, வேளச்சேரியில் குருநானக் கல்லூரி ரேஞ்ச் இருக்கிறது. எண்ணூரிலிருந்து தூரம்தான், ஆனாலும் சில மாதம் கிளப் பிஸ்டலில் சுட்ட பிறகே உங்கள் கை என்ன கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும். இறக்குமதி பிஸ்டல் லட்சங்களில் போகும் சாமான். அதைக் கடன் வாங்கி, வீடியோ பார்த்து வாங்குவது இந்த விளையாட்டில் நடக்கும் வீண்செலவுகளில் முதலாவது.

பெண் என்றதும் விற்பவர் “லேடீஸுக்கு லைட் வெயிட் மாடல்” என்று ஆரம்பித்துவிடுவார். எடை முக்கியம்தான். விதி 1500 கிராம் வரை அனுமதிக்கிறது; நல்ல மேட்ச் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். கையை நீட்டி, ஒற்றைக் கையால், 75 நிமிடத்தில் 60 முறை தூக்க வேண்டும். 2018 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே 60 குண்டுதான். 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன இலக்குக்கு எடை மிகக் குறைந்த பிஸ்டலும் உதவாது, கையில் நிற்காமல் அலையும். எடையைவிடப் பெரிய விஷயம் கிரிப். மரப்பிடிகள் அளவு வாரியாக வருகின்றன. சிறிய கைக்கு நடுத்தர அளவைத் தலையில் கட்டினால், ட்ரிகரை எட்டுவதற்காகக் கை சுழன்றுகொள்ளும், குண்டு ஒரு பக்கமாகவே போகும். அதைத் திருத்த ஆறு மாதம் கோச்சிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும், தப்பு பிடியுடையது. ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் நேராகப் பதிகிறதா பாருங்கள். கண்ணை மூடிப் பிஸ்டலைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறங்கள். முன் சைட், பின் சைட்டின் இடுக்கில் தானாக நடுவே நின்றால் அந்தப் பிடி உங்களுடையது. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால், எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது ட்ரிகர். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக் என இரண்டு வகை. குறைந்தபட்சம் 500 கிராம் இழுவை இருக்க வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் எலெக்ட்ரானிக் பிஸ்டல் பழுதானது. கிட்டத்தட்ட 20 நிமிடம் போயிற்று. 575 புள்ளிகளோடு 12ஆம் இடம். அந்த வகையே மோசம் என்று சொல்லவில்லை. உலகின் முன்னணி வீரர்கள் பலர் அதில்தான் சுடுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு மாற்றுப் பிஸ்டல் இருக்கும், பழுது பார்க்க ஆள் இருக்கும். முதல் பிஸ்டலை முகத்துவாரத்து உப்புக்காற்றில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய பெண்ணுக்கு மெக்கானிக்கல் ட்ரிகர் போதும் என்பது என் கருத்து. கடலுக்குப் போய்வந்த அவுட்போர்டு எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று இந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகப் பிஸ்டலைத் தண்ணீரில் காட்டாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் பூட்டி வையுங்கள். உதிரிபாகம் இந்தியாவில் யாரிடம் கிடைக்கும் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

பிஸ்டலின் காற்று உருளையில்தான் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. அது 200 பார் அழுத்தம் தாங்கும் சிலிண்டர். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும். “காற்றுதானே, நான் நிரப்பித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் வெடிக்கும். உலர்ந்த அழுத்தக் காற்று மட்டுமே, அதுவும் ரேஞ்சிலேயே நிரப்புங்கள். இரண்டாம் கைப் பிஸ்டல் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது உருளையில் பொறித்த தயாரிப்புத் தேதியை. பொதுவாகத் தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு என்று எல்லை வைக்கிறார்கள். அதைத் தாண்டியிருந்தால் புது உருளையின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இனி பில். அண்ணன் பேரில், அப்பா பேரில், கிளப்பில் தெரிந்தவர் பேரில் வாங்குவது நம் வீடுகளில் இயல்பாக நடக்கிறது. வேண்டாம். சுடப்போவது யாரோ அவர் பேரில் பில், அதில் பிஸ்டலின் வரிசை எண். கடைக்காரர் அடையாளச் சான்று கேட்டால் கொடுங்கள். காலிபரும் ஆற்றலும் அச்சிட்ட தயாரிப்பாளர் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னால் இந்தக் காகிதங்களும் கிளப் அட்டையும் போட்டி அழைப்புக் கடிதமும்தான் உங்களுக்காகப் பேசும். வட சென்னை முகவரியைப் பார்த்தாலே குரல் மாறும் காவலர்களும் உண்டு. அதை மறைத்து எழுதிப் பயனில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள், நடுத்தெருவில் நீங்களாக எடுத்துக் காட்டாதீர்கள். பிஸ்டலை எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் கைப்பற்றியதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். திரும்பத் தராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்து கேட்கலாம். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் ஒரு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழல் இருந்தாலும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் பை ஸ்கேனரில் போகும், ஏர் பிஸ்டல் அங்கே நின்றுவிடும். புறநகர் ரயிலே உத்தமம். விமானத்தில் போவதானால் உருளையைக் காலி செய்து, கவுன்டரிலேயே அறிவித்து, செக்-இன் சாமானில் போட வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமா பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் ஏர் பிஸ்டலே உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வரும் ஆயுதம்; இங்கேயும் ஆயுத இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. சாமானும் போகும், மாமாவும் மாட்டுவார்.

உரிமம் வேண்டாம் என்றால் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஏர் பிஸ்டலை நீட்டி ஒருவரை மிரட்டினால் அது குற்ற மிரட்டல் வழக்கு. இன்ஸ்டா ரீல்ஸுக்காக நண்பனைக் குறிவைப்பது போல் எடுத்த வீடியோவும் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். கழிமுகத்துப் பறவைகளைச் சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும். நேராகப் பட்ட பெல்லட் கண்ணைப் பறித்துவிடும். ரேஞ்சில் குழல் முழுக்க ஓடும் பாதுகாப்புக் கொடியைச் செருகி வைக்கச் சொல்வதும், கண்ணாடி போடச் சொல்வதும் சும்மா இல்லை.

25 மீட்டருக்குப் போக விரும்புபவருக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குறுக்கே வரும். கணவருக்கோ அப்பாவுக்கோ உரிமத் துப்பாக்கி இருந்தால் அது அவருக்கு மட்டும்தான். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போக முடியாது. உங்கள் பேரில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் ஏ-1, மத்திய அரசின் இணையதளம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை என்று அது நீளும். ராயபுரத்துக்காரர் சென்னை மாநகரக் காவல் எல்லையில் இருக்கிறார், எண்ணூர்க்காரர் ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லையில். எந்த அலுவலகம் என்று தெரியாமல் அலைய வேண்டாம், உள்ளூர் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பாயின்ட் 22 ரைஃபிள் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது சட்டம். பிஸ்டலுக்கு அந்தச் சலுகை இல்லை. தகுந்த காரணம் காட்ட வேண்டும், ரைஃபிள் சங்கத்தின் சான்றும் போட்டி மதிப்பெண்ணும் அங்கேதான் உதவும்.

கடற்கரைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரி அதே சட்டத்தில் இருக்கிறது. சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் கேட்டால், பொது நலன் கருதித் தவிர்க்க வேண்டிய நிலை இல்லாதவரை, அதைச் சுருக்கமாகத் தர வேண்டும். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். தேர்தல் சமயத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினராகப் போட்டிக்குப் போக வேண்டியவர்களுக்குத் தேர்தல் ஆணையமே விலக்கு தந்திருக்கிறது. இந்த அலைச்சலுக்குப் பயந்து “பாயின்ட் 22 ஒன்று கைவசம் இருக்கிறது, காகிதம் பிறகு பார்க்கலாம்” என்பவரிடம் போனால், 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத் துப்பாக்கி வைத்திருந்ததற்கு 2 முதல் 5 ஆண்டு சிறை.

பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, ஈயம். பெல்லட்டைத் தொட்ட கையோடு ரேஞ்சில் எதையும் தின்னாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். ஈயம் கருவுக்குள்ளும் போகும் என்பதால் கர்ப்பம் என்று தெரிந்ததும் மருத்துவரிடம் இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மூடிய அறையில் பாயின்ட் 22 சுடும்போது ஈயப் புகையும் சேர்வதால் அபாயம் இன்னும் கூடுதல். மலேசியாவின் நூர் சுர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பத்தோடு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் சுட்டார். உண்மைதான், ஆனால் அதை எல்லோருக்குமான அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, கோச்சின் கை. தோள், இடுப்பு, மணிக்கட்டு எல்லாவற்றையும் சரிசெய்யும் விளையாட்டு இது. தொடுவதற்கு முன் கேட்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெரும்பாலான திருத்தங்களை வாயாலேயே சொல்ல முடியும், நல்ல கோச்சுகள் அப்படித்தான் செய்கிறார்கள். 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு நிலையங்களையும் போட்டி நடக்கும் இடங்களையும் பணியிடம் என்றே கணக்கில் எடுக்கிறது. மூன்று மாதத்துக்குள் அங்குள்ள உள்புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம். 18 வயது நிறையாத பெண்ணென்றால் போக்சோ சட்டம். உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

பிஸ்டலே பழுதாக வந்திருந்தால், சொன்ன மாடல் வேறு, வந்தது வேறு என்றால், முதலில் நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கடை மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். பில் உங்கள் பேரில் இருந்தால் வழக்கும் உங்கள் பேரில் சிக்கலில்லாமல் போகும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்குப் பேசலாம், நேரில் போவதென்றால் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தில் வடக்குக் கோட்டைச் சாலை ஓரமாக இருக்கிறது. பில், தயாரிப்பாளர் தாள், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சின் நகல், மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.